குளித்த தண்ணீர் போன வழி

அந்தப் பலகையில் அவருடைய பெயர் இருக்கிறது. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இந்த வளாகத்தில் எருக்குழியையும் வாழைத் தோட்டத்தையும் கழிவுநீர்ப் பாசனத்தையும் தொடங்கி வைத்தவர் என்று மலாயில் எழுதி, கீழே பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம். பலகையைச் சுற்றி வாழை நிற்கிறது. வாழைக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு இடம் பார்த்து நகர்ந்திருக்கும்.

போன மாதம் கல்லூரியிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் என் வீட்டுக்கு வந்தார். கல்லூரியின் நினைவு மலர் போடுகிறார்களாம்.

"அவருகிட்ட படிச்சவங்கள்ல எழுதுறவங்கன்னா நீங்கதான் டீச்சர். அவரப் பத்தி ஒரு ரெண்டு பக்கம். ரொம்ப பசுமையான மனுஷராம் இல்ல?"

நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"எழுதறேன் தம்பி. ஆனா பேரு போட மாட்டேன்."

"யாரு பேரு டீச்சர்?"

"யாரு பேரும்."

அதை அவர் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு போனார். போகட்டும். ஒரு பலகை ஏற்கெனவே நிற்கிறது. என் பக்கம் அவருக்கு இரண்டாவது பலகையாக நிற்கக்கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருடமாக என் பழி உள்ளே கிடந்தது. நல்ல எருவுக்கும் அதுதான் கணக்கு: மூடி வை, காற்று போகட்டும், அவசரப்படாதே.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து முதல் தை பிறக்கவிருந்த நேரம். மலாக்காவில், காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நீண்ட பலகைக் கட்டடங்களாக நின்றது எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதில் ஒன்று பெண்கள் விடுதி. விடுதியின் பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட குளியல் கொட்டகை. கொட்டகையிலிருந்து ஒரு வாய்க்கால் புறப்பட்டு, சமையல்கட்டுத் தண்ணீரையும் வழியில் சேர்த்துக்கொண்டு, இரண்டாகப் பிரியும். ஒரு கிளை வாழைக்கு. இன்னொரு கிளை சாலையோரச் சாக்கடைக்கு. பிரியும் இடத்தில் ஒரு செங்கல்.

அந்தச் செங்கல்தான் எங்கள் நீர்ப்பாசன இலாகா. வெறுமனே குளிக்கிற நாளில் கல் சாக்கடை வாயை அடைத்துக்கொண்டு உட்காரும். தண்ணீர் வாழைக்குப் போகும். துணி துவைக்கிற நாளில் கல்லைத் தூக்கி வாழை வாயில் வைப்போம். சோப்பும் நீலமும் சாக்கடையோடு போய்விடும். எங்களுக்கு முன்னால் அங்கே தங்கிப் படித்த பெண்கள் விட்டுப்போன ஏற்பாடு அது. அவர்களுக்கு யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. கல்லைத் திருப்ப மறந்தவள் மறுநாள் காலையில் எல்லோருக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும். மலாய்ப் பெண், சீனப் பெண், தமிழ்ப் பெண் என்று வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் ஒருமுறையாவது இறைத்திருக்கிறோம். சுதந்திரம் வந்தபோது ஒற்றுமை பற்றி நிறையச் சொற்பொழிவு கேட்டோம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் கயிறு அறுத்த உள்ளங்கைதான் ஞாபகம் வருகிறது.

வாழைக்கும் கொட்டகைக்கும் நடுவில், கொஞ்சம் மேடான இடத்தில், என் குழி.

தோட்டக்கலை எங்களுக்குக் கட்டாயப் பாடம். ஆளுக்கு ஒரு பாத்தி, ஆளுக்கு ஓர் எருக்குழி; மற்றவர்களுக்கு விடுதியின் முன்பக்கம் இடம், எனக்கு மட்டும் வாழையோரம். கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் சரியென்றால் சான்றிதழ். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நான் வந்த வழி எது என்று எல்லோருக்கும் தெரியும். செங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பயிற்சிக் கல்லூரிக்கு வந்த முதல் பெண் நான். நான் சேர்ந்த அன்று லயத்தில், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரோ ஆட்டை அறுத்தார்கள் என்று அம்மா சொன்னாள். திரும்பிப் போனால் அந்த ஆட்டுக்கு யார் பதில் சொல்வது?

அதனால் அந்தக் குழியைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டேன். கீரைக் காம்பு, தேங்காய்ச் சக்கை, தேயிலைச் சக்கை, விறகுச் சாம்பல், வாழை மட்டையை நறுக்கி ஓர் அடுக்கு. அதன்மேல் சாணி. சமையல்கட்டின் கழனித் தண்ணீரை ஒரு பால்காரர் மாட்டுக்கு எடுத்துப்போவார். போன தகர டின்னிலேயே மறுநாள் சாணி வரும். குழிக்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி வைத்திருப்பேன். காலையில் உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. ஆறியிருந்தால் ஒன்று குழி கெட்டுவிட்டது, அல்லது எரு வெந்துவிட்டது. எது என்று மோந்தால் தெரியும்.

இப்போது அவர்.

இங்கிலாந்து போய்ப் பயிற்சி முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எங்களுக்குத் தோட்டக்கலை நடத்தியவரும் அவர்தான். விடுதிக்கு வார்டனும் அவர்தான். நகரத்தில் கடைகள் வைத்திருந்த தமிழ்க் குடும்பம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் காலணி. பாடம் ஆங்கிலத்தில் நடத்துவார். பாராட்டும் ஆங்கிலத்தில். தமிழைத் திட்டுவதற்கு மட்டும் வைத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு கேட்ட தமிழெல்லாம் அவருடைய தமிழ்தான்.

அவர் குடியிருந்த வீடு பெண்கள் விடுதிக்குப் பக்கத்தில், சரிவில் கீழே. வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கள் வாழைக் கூட்டம் தெரியும். அது அவர் கண்ணை உறுத்தியது. ஒருநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசினார். இது சுதந்திர நாட்டின் கல்லூரி, வெளிநாட்டு விருந்தாளிகள் வருவார்கள், வாழையும் குப்பைக் குழியும் சாணி டின்னுமாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு என்னைத் தேடிப் பார்த்து, தமிழுக்கு மாறினார்.

"லயத்துப் புத்திய லயத்துலயே விட்டுட்டு வரணும். என்னா, புரியுதா?"

தமிழ் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். அன்று என் கன்னம் எந்த மூங்கில் குச்சியைவிடவும் சுட்டது.

வருடக் கடைசி விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது வாழை இல்லை.

வெட்டியிருந்தார்கள். தரையோடு தரையாக. என் பாத்தியின் மேலும் குழியின் மேலும் செம்மண் கொட்டி உருளை விட்டிருந்தார்கள். வெட்டிய மரங்களைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். பச்சை வாழை எரியுமா? அது அழுதுகொண்டே புகைந்தது. நாங்கள் பெட்டியோடு வந்து இறங்கியபோதும் புகைந்துகொண்டிருந்தது. எங்கள் தலையணை உறையெல்லாம் அந்த நாற்றம். இதைக் கொளுத்தச் சொன்னவர்தான் எங்களுக்குத் தோட்டக்கலை ஆசிரியர் என்பதை மலர்க்குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

போகிக்குச் சில நாட்கள்தான் இருந்தன.

விடுதியில் சமைத்த அம்மாள் மலாக்கா செட்டி, எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழ் வம்சம். நாங்கள் அவரை மக்சிக் என்று, மலாய்க்காரர்கள் அத்தையைக் கூப்பிடுவதுபோல், கூப்பிடுவோம். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வருவார். மாரியம்மன் பெயர் தெரியும், போகி தெரியும். தமிழ் பேசத் தெரியாது. போகிக்கு அவர்கள் வீட்டில் செத்துப்போன பெரியவர்களுக்கு வாழை இலையில் படையல் வைப்பார்கள். நுனி இலை வேண்டும், கிழியாத இலை வேண்டும். வருடாவருடம் எங்கள் வாழையிலிருந்துதான் வெட்டிக்கொண்டு போவார்; பக்கத்துக் கம்போங்கில், அவர்கள் குடியிருப்பில், நாலைந்து வீட்டுக்கும் அதே இலைதான். மறுநாள் எங்களுக்குப் பலகாரம் வரும்.

அன்று கையில் கத்தியோடு வந்து, கரிந்த அடித்தண்டுகள் முன்னால் நின்றார். வார்டன் வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"எல வேணும்னா பாசார்ல போயி வாங்கிக்க. இது ஒன்னும் உன் தோட்டம் இல்ல."

விபூதியைப் பார்த்துத் தமிழ் தெரியும் என்று நினைத்துவிட்டார். மக்சிக்குக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. சிரித்த முகத்தோடு "தாப்பாலா துவான்" என்றார். பரவாயில்லை ஐயா என்று பொருள். பிறகு சமையல்கட்டுக்குள் வந்து, கத்தியைத் துடைத்து மாட்டினார். வார்டன் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். நான் மலாயில் சொன்னேன். ஒன்றையும் மாற்றவில்லை, குறைக்கவில்லை.

மக்சிக் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"எங்க பெரியவங்களுக்கு இலை மாறினா தெரியும்," என்றார். "என் மாமியார் உசுரோட இருக்கும்போதே குத்தம் கண்டுபிடிக்கிற ஆளு. இந்த வருஷம் கனவுல வந்து திட்டப்போகுது. அது திட்டினா அவரு வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

வாழை போன இடத்தில் புல் வந்தது. எங்கிருந்தோ பாளம் பாளமாக வெட்டிக் கொண்டுவந்து, பாய் விரிப்பதுபோல் அவர் வராந்தாப் படிவரை விரித்தார்கள். ஓரத்தில் ரோஜா. வாய்க்கால் தெரியக்கூடாது என்று அதன் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூட ஒரு கொத்தனார் வந்தார். அன்று நாங்கள் துவைக்காத நாள். கல் சாக்கடை வாயில் உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்கு வாழை இருந்த பக்கம், அதாவது புல் பக்கம், திறந்திருந்தது.

கொத்தனார் கல்லை என்ன செய்ய என்று கேட்டார். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கிற எடத்துலயே வச்சுப் பூசு. லெவலா இருக்கணும்."

எனக்குக் கோபத்தைவிடப் பதற்றம்தான் முதலில் வந்தது. இதை நான் அழுத்தியே எழுதுகிறேன்: நான் சொன்னேன். ஒருமுறை, வாயைத் திறந்து, மரியாதையாக.

"சார், அந்தக் கல்லு நகரணும் சார். அதப் பூசிட்டா தண்ணி..."

"கல்லு நகரணுமா?" கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். "கல்லக் கண்டா கும்புடுறது, இல்லன்னா எடுத்து எடுத்து வைக்கிறது. ஒங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லியா?"

கொத்தனார் சிரிக்கவில்லை. ஆனால் பூசினார்.

"அப்ப என் பாத்தி சார்? குழி?"

"ரோட்டோரமா எடம் குடுக்கச் சொல்லியிருக்கேன். போய்ப் போடு. பாத்தி இல்லன்னா பாஸ் இல்ல. பாஸ் இல்லன்னா என்னா, ஒனக்குத் தெரிஞ்ச வேல இருக்கு. பால் மரம் வெட்டப் போ."

என் அம்மா ரப்பருக்குப் பால் மரம் வெட்டிய கையால்தான் என் பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள். அந்த நிமிடம் நான் ஒரு முடிவு செய்தேன். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே ஒரு கல் இடம் மாறி உட்கார்ந்தது. இனி இவருக்கு நான் ஒன்றையும் சொல்லமாட்டேன்.

சாலையோரத்தில் கொடுத்த இடம் சரளைக்கல். மழையில்லாத மாதங்கள் அவை. கீரை விதைத்தேன். முளைத்தது, என்னைப் பார்த்தது, காய்ந்தது. மறுபடி விதைத்தேன். அதிகாரி வருகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நகரமே மஞ்சளாகிக் கிடந்தது. கடலோரத்து உஜோங் பாசிர் பக்கம் கிணறுகள் உப்புக் கரிக்கின்றன என்றார்கள். கால்பந்துத் திடல் வெடித்து நின்றது.

அவருடைய புல் மட்டும் பச்சை.

அப்படியொரு பச்சை. காலையில் நாங்கள் அத்தனை பேரும் குளித்த தண்ணீர் மூடிய வாய்க்கால் வழியாகப் போய்ப் புல்லுக்கு அடியில் பரவியது. சாயங்காலம் திரும்பக் குளித்தோம், திரும்பப் பரவியது. கல் நகராததால், கொஞ்சம் கொஞ்சமாகத் துவைத்த தண்ணீருக்கும் அதே வழிதான். மேட்டுப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே என் குழி சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது. இது எதுவும் தெரியாமல், அவர் சாயங்காலங்களில் சின்னப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோஜாவுக்கும் புல் ஓரத்துக்கும் நாலு சொட்டு விடுவார். போகிற வருகிற விரிவுரையாளர்களை நிறுத்திக் காட்டுவார். சாணி இல்லை, குப்பை இல்லை, கவனிப்பு ஒன்றுதான் என்பார். நாங்கள் கொட்டகைக்குள் ஈரத் தலையோடு நின்று, தகர ஓட்டை வழியாகப் பார்த்து, வாயில் துணியை அடைத்துக்கொள்வோம்.

என் அறைத்தோழி மலாய்ப் பெண். எதையும் சாதாரணக் குரலில் சொல்லக்கூடியவள்.

"இன்னொரு தடவை அவருகிட்ட சொல்லிப் பாரேன்," என்றாள் ஒருநாள்.

"சொன்னேன். கல்லைக் கும்பிடறியான்னு கேட்டார்."

"ஓ." யோசித்தாள். "அதிகாரிக்குத் தேநீர் விருந்து எங்கே வைக்கிறாராம்?"

"புல்லுமேல. அதிகாரி தோட்டமெல்லாம் பார்த்து முடிச்சதும்."

அவள் கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து மோந்து பார்த்தாள். "இது ரொம்ப அழுக்கா இருக்கு. அன்னிக்குத்தான் துவைக்கணும்."

அவ்வளவுதான் எங்கள் சதி. கூட்டம் போடவில்லை, சத்தியம் வாங்கவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள், விடுதி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவரே உத்தரவு போட்டிருந்தார். அறைக்கு அறை நான் போய் அந்த உத்தரவை ஞாபகப்படுத்தினேன். சன்னல் திரை, போர்வை, கம்பளி, கொசுவலை, சமையல்கட்டுச் சாக்கு. லயம் என்ற சொல் எங்கள் எல்லோர் மேலும்தான் விழுந்திருந்தது. விளக்கம் யாரும் கேட்கவில்லை.

அந்த நாள் வந்தது. காலையில் அதிகாரி பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வயதான மலாய்க்காரர், சொங்கோக் தொப்பி, கையில் குடை, அதிகம் பேசாதவர். மற்றவர்கள் பாத்தியில் கத்தரி தொங்கியது, பயற்றங்காய் படர்ந்தது. என்னுடைய சரளையின் முன்னால் நின்றார். காய்ந்த கீரையைக் குடை நுனியால் தொட்டார்.

"குழி?" என்று மலாயில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், நம்மவர், ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். இந்த மாணவி தோட்டத்திலிருந்து வந்தவள், நாங்களும் முயன்று பார்த்தோம் என்றார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். என் சான்றிதழ் அந்தக் குடையோடு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கிணற்றடிக்குப் போனேன்.

அன்று இறைத்ததுபோல் நான் வாழ்நாளில் தண்ணீர் இறைத்ததில்லை. ஒரு சொட்டு வீணாகாமல் பார்த்துக்கொண்டவளுக்குத்தான் தண்ணீரை எப்படிக் கொட்ட வேண்டும் என்று தெரியும். கொசுவலைகள் ஆம்பல் மாதிரித் தொட்டியில் மிதந்தன. மஞ்சள் சோப்பு கட்டிகட்டியாகக் கரைந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை யாரோ பொட்டலத்தோடு அவிழ்த்தார்கள். உள்ளே மக்சிக் விருந்துக்குச் சமைத்த பெரிய கவா சட்டிகளையெல்லாம் இறக்கி, கழுவியதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். உதட்டில் ஏதோ பாட்டு. யாரும் அவசரப்படவில்லை. கயிறு, வாளி, கயிறு, வாளி. கிணறு ஒவ்வொரு வாளிக்கும் எங்களுக்குச் சம்மதம் சொல்வதுபோல் கொடுத்தது.

பின்நேரம் விருந்து. வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், மூங்கில் நாற்காலிகள். நாங்கள் துவைத்த கையோடு உடை மாற்றிக்கொண்டு ஓரமாக வரிசையில் நின்றோம், விரல்நுனிகள் சுருங்கி.

முதலில் அதிபருடைய மனைவியின் நாற்காலி ஒரு பக்கமாகக் கொஞ்சம் குனிந்தது. மரியாதைக்காகக் குனிவதுபோல. அவர் நகர்ந்து உட்கார்ந்தார், மறுபக்கம் குனிந்தது. அடுத்த நாற்காலியின் பின்கால் இரண்டும் இறங்கின. யாரோ எழுந்தார்கள். எழுந்த காலடியில் புல் சப்பென்று சத்தம் போட்டது. பாளம் பாளமாக விரித்த புல் இன்னும் மண்ணைப் பிடித்திருக்கவில்லை. இணைப்புகள் வழியே தண்ணீர் மேலே வந்தது. தண்ணீரோடு நுரை. நுரையில் நீலம். ஊரெல்லாம் வெடித்துக் கிடந்த வெயிலில், ஒரு மேகம்கூட இல்லாத வானத்துக்குக் கீழே, அவருடைய புல்வெளி மெல்ல மெல்ல மிதக்க ஆரம்பித்தது. வெள்ளைக் கான்வாஸ் காலணி கணுக்கால்வரை நீலமாகிக்கொண்டு என்னை நோக்கி வந்தது.

"யாரு தண்ணிய விட்டது?" தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாரும் விடல சார். குளிச்சோம், தொவைச்சோம். சுத்தமா இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"கல்லத் திருப்பு. போ, அந்தக் கல்லத் திருப்பு."

"முடியாது சார். பூசிட்டீங்க."

அவர் முகத்தில் அந்த நேரம் தெரிந்ததை நான் எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். எந்தச் சொல்லும் போதவில்லை. கணக்குப் பாடத்தில் விடை தன் கையெழுத்திலேயே தப்பாக இருப்பதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் கொஞ்சம் கிட்ட வரும்.

அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு ஈரத்தைத் தாண்டி எங்களிடம் வந்தார். சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார், மலாயில், யாரிடம் என்றில்லாமல்: "இதற்கு முன்னால் இந்தத் தண்ணீர் எங்கே போனது?"

நம்மவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். முடிக்கவில்லை. தண்ணீர் எங்கே போனது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"வாழைக்கு, துவான்," என்றேன் நான். "அந்த இடத்தில் வாழை இருந்தது. வாழைக்கு மேல் பக்கம் என் குழி இருக்கிறது."

"இருக்கிறதா, இருந்ததா?"

"இருக்கிறது. இந்தப் புல்லுக்கு அடியில்."

அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிபர், அதிபர் மனைவி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விரிவுரையாளர்கள், சமையல்கட்டு வாசலில் ஈரக் கையோடு மக்சிக். அந்தப் புல்லை வெட்ட அவர் அனுமதி கொடுக்க வேண்டும். அதுவும் எனக்கு. நான் அவசரப்படுத்தவில்லை. அவர் நனைந்த காலணியை எடுத்து வைக்கக் காய்ந்த இடம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல நிமிடங்களில் அது ஒன்று.

"தோண்டும்மா," என்றார்.

ம்மா. அந்த இரண்டு எழுத்துக்காக அத்தனை கம்பளியையும் மறுபடி துவைப்பேன்.

என் அறைத்தோழி எங்கிருந்தோ மண்வெட்டியோடு வந்து நின்றாள். எப்போது போனாள் என்று தெரியவில்லை. மேட்டுப் பக்கம் போனேன். அங்கே தண்ணீர் ஏறவில்லை. முதல் வெட்டில் புல் பாய் கிழிந்தது. அடுத்ததில் செம்மண். அதற்குக் கீழே கறுப்பு. பிசுபிசுப்பில்லாத, உதிர்கிற, நல்ல மழைக்குப் பிறகு காடு மணக்கிற மாதிரி மணக்கிற கறுப்பு. நான் செருகி வைத்திருந்த மூங்கில் குச்சி அப்படியே இருந்தது, தலை மட்டும் உருளையில் நசுங்கி. உருவித் துடைத்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அது எப்படி அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"ஆறிவிட்டது," என்றார். குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்தார். "வெந்துவிட்டது. இது நல்ல எரு." பக்கத்தில் நின்றவரிடம் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கறுப்பின் ஓரத்தில், தரையோடு வெட்டிய வாழைக் கிழங்கிலிருந்து வெள்ளையாக ஒரு குருத்து வளைந்து வந்துகொண்டிருந்தது. அதைக் குடை நுனியால் காட்டி, "இதை வெட்டாதீர்கள்," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. லயத்து ஆட்டுக்குப் பதில் சொல்லிவிட்டேன். எங்கள் கிணறு பாதாளத்துக்கு இறங்கி, ரொம்ப நாள் ஆளுக்கு அரை வாளியில் குளித்தோம், ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. சிமெண்டை உடைத்துக் கல்லை விடுவித்தார்கள். அடுத்த போகிக்கு மக்சிக் நுனி இலை வெட்டினார் என்று கேள்விப்பட்டேன். அப்போது நான் வேறு ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம்மவர் அங்கேயே இருந்தார். இருந்து, எங்கள் வாய்க்காலையும் கல்லையும் குழியையும் ஆங்கிலத்தில் எழுதினார், கூட்டங்களில் பேசினார், பதவி உயர்ந்தார். பலகையானார். லயத்துப் புத்தி என்ற சொல்லை அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். கொஞ்சம் கூடிவிட்டது. இடம் போதவில்லையென்றால் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பின்நேரத்தின் கடைசிப் பகுதியை மட்டும் போடட்டும். அதிகாரி குறித்துக்கொண்டு நகர்ந்த பிறகு நடந்தது அது. வேலை முடிந்துவிட்டது. காட்ட வேண்டியதைக் காட்டியாகிவிட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்திருக்கலாம்.

"போதும்மா," என்றார் அவர் என் பின்னால் நின்று. "போதும்."

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

என் குழியின் நீள அகலம் எனக்குத் தெரியும். நானே வெட்டிய குழி. அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். அந்த ஓரத்தைத் தாண்டி, ரோஜாவரை போய், வராந்தாப் படிவரை போய், இருட்டுகிறவரை தோண்டினேன். யாரும் தடுக்கவில்லை.